ஞாயிறு மதியம் நீங்கலாக

அந்த நீள நோட்டு இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. அரசு அலுவலகங்களில் தபால் பதிவதற்கு வைத்திருப்பார்களே, காலிகோ அட்டை போட்டு, முதுகில் சிவப்புத் துணி ஒட்டியது, அந்த ரகம். உள்ளே வரிசை எண், தேதி, நேரம், கேட்பவர் பெயர், உத்தரவு, குறிப்பு என்று ஆறு பத்திகள். அடிக்கோல் வைத்துக் கோடு போட்டவன் நான். நிரப்பியவர் என் சகலை. அதில் பெயர் பதியப்பட்டிருப்பவர்கள் மனிதர்கள் அல்லர். அவர் வீட்டுக் கணினியிலிருந்து இணையத்துக்குப் போகவோ அங்கிருந்து உள்ளே வரவோ அனுமதி கேட்ட மென்பொருள்கள். வீட்டுக் கணினியின் ஃபயர்வாலுக்கு, அதாவது அந்த அனுமதியைக் கேட்டு நிறுத்தும் காவலுக்கு, பதிவேடு வைத்த குடும்பம் புதுச்சேரியில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

சகலை என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்து புதுச்சேரியில் சாரம் பகுதியில் வீடு கட்டிக்கொண்டார். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களை ‘சொல்தா’ என்பார்கள். சொல்தா என்றதும் போர்க்களத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அவர் பார்த்தது வாசல் காவல். ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு முகாமின் கேட்டில் நின்று, யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டு இல்லாமல் வந்த ஒரு கொலொனேலையே, அவ்வளவு பெரிய அதிகாரியையே, அரை மணி நேரம் வெயிலில் நிறுத்தினாராம். இந்தக் கதை எனக்கு அந்த வீட்டில் வஞ்சிரம் வறுவலோடு சேர்த்துப் பரிமாறப்படும். வறுவலாவது சில சமயம் புதிதாக இருக்கும். இந்த மாவீரர்தான் தன் கணினியில் இருந்த ஒரே காவலைக் கழற்றி எறிந்தார்.

காரணம் வேகம். அவர்களுடைய ஒரே மகள் பிரான்சில், லியோனில் இருக்கிறாள். தினமும் சாயங்காலம் கணினியில் முகம் பார்த்துப் பேசுவார்கள். சகலையிடமும் அக்காவிடமும் பட்டன் போன்தான், ஆகையால் கணினியை விட்டால் வேறு வழியில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே படம் நின்றுபோகும். பேத்தி வாயைத் திறந்தபடி உறைந்துவிடுவாள். “ஏங்க, புள்ள அப்படியே நிக்குதுங்க” என்று அக்கா பதறுவார். சகலை லாஸ்பேட்டையில் கணினி பழுது பார்க்கும் ஒருவனைக் கூட்டிவந்தார். அந்த நிபுணன் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. “ஃபயர்வால்தான் சார் இழுத்துப் புடிக்குது. ஆஃப் பண்ணிட்டா பறக்கும்” என்று சொல்லி, அதை அணைத்துவிட்டு, வேகத்தைக் கூட்டும் மென்பொருள் என்று ஒன்றை இலவசமாக ஏற்றிவிட்டுப் போனான். நொண்டிக் குதிரையின் முதுகில் இன்னொரு ஆளை ஏற்றிவிட்டு, இனிமேல் வேகமாக ஓடும் என்று சொல்பவனை நாம் சிரித்து அனுப்புவோம். கணினி என்றால் மட்டும் காபி கொடுத்து அனுப்புகிறோம்.

மூன்றே வாரம். கணினியைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வந்தது. மாதா கோயில் பங்குச் சாமியாருக்கு என் சகலை பெயரில் ஒரு மின்னஞ்சல் போனது. லண்டன் விமான நிலையத்தில் பையைத் தொலைத்துவிட்டு நிற்கிறேன், உடனே உதவவும் என்று. அன்று காலைப் பூசையில்தான் சாமியார் அவரை முதல் வரிசையில் பார்த்திருந்தார். சகலை என்னைக் கூப்பிட்டார். “சூப்ரண்டு, இத நீதான் பாக்கணும்.” நான் அலுவலகக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன், அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே கிடையாது.

“கொலொனேலையே வெயில்ல நிக்க வெச்சீங்களே அண்ணே, இவனுங்கள மட்டும் எப்படி உள்ள உட்டீங்க?” என்று கேட்டேன்.

“அவனுக்கு மூஞ்சி இருந்துச்சு, பாத்தேன். இதுல எவன் மூஞ்சி தெரியுது?” என்றார். பதில் என்னவோ நியாயமானதுதான். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

வேகத்தைத் தின்றது எது என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இணையப் பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் அது அழகாக இல்லை என்று. இரும்புக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு அலைவரிசை வரவில்லை என்றால் மாதாவே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. பெட்டியை முன்னால் எடுத்தேன். அங்கிருந்து கணினிக்கு ஒரு வயர் இழுத்தேன். நிபுணன் ஏற்றிய குப்பையை நீக்கிச் சுத்தம் செய்தேன். கணினியோடு வரும் ஃபயர்வாலை மறுபடி போட்டேன். அது வேகத்தில் எடுத்துக்கொள்வது, வாசலில் செருப்பைக் கழற்ற ஆகும் நேரம். அன்று சாயங்காலம் பேத்தியின் பல் இடுக்கில் ஒட்டியிருந்த சாக்லேட்டுகூடத் தெரிந்தது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டார்.

அத்தோடு நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் முப்பத்துநான்கு வருடம் வருகிற காகிதத்தையெல்லாம் சந்தேகத்தோடு பார்த்தவனுக்கு, ஒரு வேலை சரியாக முடிந்துவிட்டது என்பது போதாது. அதற்கு ஒரு நடைமுறை வேண்டும். இருக்கிற ஃபயர்வாலுக்கு மேல் இன்னொன்றை ஏற்றினேன், ஒவ்வொன்றுக்கும் நிறுத்திவைத்து அனுமதி கேட்கும் முரட்டு வகை. நோட்டுப் போட்டேன். கணினியின் பக்கவாட்டில் விதிமுறைகளை எழுதி ஒட்டினேன். அனுமதியின்றி எதையும் விடக்கூடாது. பெயர் தெரிந்திருந்தால் ‘சரி’, தெரியாவிட்டால் ‘வேண்டாம்’. ஒவ்வொன்றையும் பதியவும். சந்தேகம் ஏற்படின் சூப்ரண்டைத் தொலைபேசியில் கேட்கவும், ஞாயிறு மதியம் நீங்கலாக.

ஞாயிறு மதியம் நான் தூங்குவேன்.

சகலை அந்தத் தாளை நின்றபடி இரண்டு தடவை படித்தார். பட்டாளத்தை விட்டு வந்தபிறகு அவருக்கு யாரும் உத்தரவு போட்டதில்லை போலிருக்கிறது; முகம் மலர்ந்துவிட்டது. புதுப் பேனா வாங்கினார். அதன்பிறகு அந்தக் கணினியில் எறும்பு நுழையவில்லை. கடிகாரம் நேரத்தைச் சரிபார்க்கக் கேட்டது, வேண்டாம் என்றார். பிரிண்டர் கேட்டது, வேண்டாம். மூச்சு விட மட்டும்தான் அது அனுமதி கேட்கவில்லை. இத்தகைய கீழ்ப்படிதலை நான் அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். யோசிக்க வேண்டிய தொல்லை இல்லாதவர்களுக்கு அது சுகமாக வரும்.

பேத்திக்குப் புதுநன்மை, கோயிலில் முதல்முறையாக நற்கருணை வாங்கும் நாள், வந்தது. அக்காவுக்கு மூட்டுவலி, விமானத்தில் அவ்வளவு நேரம் உட்கார முடியாது. மகள் கோயிலிலிருந்தே தன் போன் வழியாகக் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். அங்கே காலைப் பூசை, நமக்கு மதியம் இரண்டு மணி. ஒன்றரைக்கே அக்கா மகளின் கல்யாணத்துக்கு எடுத்த பட்டைக் கட்டி, பூ வைத்து, கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டார். அன்று காலைதான் அந்தப் பேசும் மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. புதுச் சட்டை போட்டு வந்தவனை முரட்டுக் காவல் மறுபடி நிறுத்தியது. எண்களும் எழுத்துகளுமாகச் சரக்கு ரயில் நீளத்துக்கு ஒரு பெயர், அதுவும் ஆங்கிலத்தில். சகலைக்குப் பிரெஞ்சு தெரியும், தமிழ் தெரியும். அந்தப் பெயர் தெரியவில்லை. ‘வேண்டாம்’ என்று அழுத்தினார். பதிந்தார். ஒரு தடவை மறுத்தால் போதும், அந்த வகை ஃபயர்வால் அதை மறக்காது. பிறகு கேட்கவே கேட்காது.

திரையில் ஒன்றும் வரவில்லை. மீதியை அக்கா என் மனைவியிடம் சொல்லி, என் மனைவி எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

“தம்பிக்குப் போன் போடுங்க.” அக்காவுக்கு நான் தம்பி.

சகலை ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். “ஞாயித்துக்கெழம மத்தியானம். கூடாதுன்னு போட்டிருக்கு.”

“போட்டிருக்காம் போட்டிருக்கு! எம்பேத்தி அங்க நன்ம வாங்குது, நீங்க இன்னும் கேட்டுலயே நிக்கிறீங்களே!”

அவர் போன் போடவில்லை. முத்தியால்பேட்டையில் என் வீட்டில், போன் என் தலைமாட்டில்தான் இருந்தது. அணைத்துக்கூட வைக்கவில்லை.

ஐந்து மணிக்குக் காபி குடிக்கும் எண்ணத்தோடு போனேன். அக்கா பட்டுப்புடவையோடு சமையலறைப் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். “வா தம்பி. உம் பூட்டு நல்ல பூட்டு. திருடனும் வரல, எம்புள்ளையும் வரல” என்றார். குரலில் கோபம் இல்லை. பதிவுசெய்த படத்தை மகள் அன்றே அனுப்பினாள். அக்கா பார்க்க மறுத்துவிட்டார். “முடிஞ்சிபோன பூசைக்கு எதுக்கு முட்டி போடணும்?”

முரட்டு ஃபயர்வாலை அன்றே நீக்கினேன். ஐந்து நிமிட வேலை. கணினியோடு வந்தது ஒன்றே போதும் என்பது முதல் நாளே எனக்குத் தெரியும். இனிமேல் நோட்டு வேண்டாம் என்று சகலையிடம் சொன்னேன். “எழுத்துல குடு சூப்ரண்டு” என்றார். கிண்டல் என்று நினைத்து, கொடுக்காமல் வந்துவிட்டேன்.

அது கிண்டல் இல்லை. சென்ற மாதம் அவர் இறந்தார். அடக்கத்துக்கு வந்த மகள், ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் இந்த நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். “அப்பா இத உங்க கையில ஒப்படைக்கச் சொன்னாரு சித்தப்பா. கையெழுத்து வாங்கிக்கணுமாம்.” அவள் சிரிக்கவில்லை. அப்புறம் போடுகிறேன் என்று வாங்கிவைத்தேன். அரசாங்கத்தில் கற்ற பாடங்களில் அதுவும் ஒன்று.

இன்று புரட்டிப் பார்க்கிறேன். கடைசியாக அனுமதி கேட்கப்பட்டது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அதற்குப் பிறகு கேட்க யாரும் வரவில்லை, ஆனால் பதிவு நிற்கவில்லை. மூன்று வருடம், ஒரு நாள் விடாமல், உத்தரவுப் பத்தியில், பட்டாளத்துப் பிரெஞ்சில் ஒரே வரி: குறிப்பிட ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன நாள் வரைக்கும். ரத்து உத்தரவு எழுத்தில் வராததால் அவர் காவலை விட்டு இறங்கவில்லை. இதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வருகிறது. உத்தரவு போட்டவனை என்னவென்று சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமையின் வரிக்குத் திரும்பிப் போனேன். நேரம் இரண்டு மணி மூன்று நிமிடம். கேட்பவர் பெயர் என்ற பத்தியில், அந்தச் சரக்கு ரயில் பெயரை ஒரு எழுத்து, ஒரு எண் விடாமல் நகலெடுத்திருக்கிறார். உத்தரவு: வேண்டாம். குறிப்புப் பத்தியில், எல்லாப் பக்கங்களிலும் காலியாகக் கிடக்கும் அந்தப் பத்தியில், தமிழில் இரண்டு சொல்: சூப்ரண்டு தூங்குகிறார்.

படிக்காமலே ஆயிரம் பதிவேடுகளில் கையெழுத்துப் போட்டவன் நான். இதைப் படித்துவிட்டு, அந்த வரிக்கு நேரே போட்டேன். இன்றைய தேதியும் நேரமும் எழுதினேன். ஞாயிறு, மதியம் இரண்டு மணி.