விசையை மட்டும் மாற்றினேன்

துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்தபோது எனக்கு வயது முப்பத்தெட்டு. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூருக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்வருகிறவள். பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பது என் வேலை. நடுங்காத கை என்ற தைரியத்தில்தான் ஏர் பிஸ்டல் வாங்கினேன், இருப்பதிலேயே மலிவானதாக. ஆனால் பத்து மீட்டர் தள்ளியிருந்த அட்டையில் என் குண்டுகள் இடப்பக்கம் கீழேயே போய் விழுந்தன. எட்டு மாதமாகியும் அது மாறவில்லை.

என்னோடு பயிற்சி செய்தவர்களில் ஒரு நாகூர்க்காரர் இருந்தார். துபாயிலிருந்து திரும்பி, தஞ்சாவூரில் செல்போன் கடை வைத்திருந்தவர்.

"அக்கா, இதோட ஏன் மல்லுக்கட்டுறீங்க? ட்ரிகர், கைப்பிடி, சைட் மூணையும் மாத்திடுங்க" என்றார்.

விசாரித்தேன். மூன்றையும் மாற்ற ஆகும் செலவு பிஸ்டலின் விலையைத் தாண்டியது. வீட்டில் சொன்னபோது, நடவு வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எது சரியில்லன்னு பாத்தியா?"

"எல்லாந்தான்."

"மோட்டார் தண்ணி எடுக்கலன்னா உடனே புது மோட்டாரா வாங்குறோம்? கழட்டிப் பாப்போம்ல."

கோபம் வந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை உமி நிரப்பிய ஒரு சாக்குடன் கிளப்புக்குப் போனேன். அதை மேசையில் போட்டு, அதன்மேல் பிஸ்டலை அசையாமல் தாங்கிச் சுட்டேன். பத்துக் குண்டும் அட்டையின் நடுவில், ஒரு ரூபாய் நாணய அளவுக்குள் அடங்கின. குழலிலும், குறிபார்க்கும் சைட்டிலும் பழுதில்லை. பிறகு, குண்டு போடாத பிஸ்டலின் விசையில், அதாவது ட்ரிகரில், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டேன். விசை இறங்கவே இல்லை. போட்டி விதிக்கு அரைக்கிலோ பாரம் போதும். அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இழுத்து இழுத்துத்தான் என் மணிக்கட்டு சாய்ந்திருக்கிறது.

விசையை மட்டும் திருச்சியில் கொடுத்து மாற்றினேன். பெரிய கைக்காகச் செய்திருந்த மரக் கைப்பிடியை நானே அரத்தால் ராவினேன்.

"பாழாயிட்டா என்னங்க பண்ணுவீங்க?" என்று நாகூர்க்காரர் பதறினார்.

"கைக்குச் சேராதது இப்பவும் பாழ்தானேங்க" என்றேன்.

தினமும் வேலைக்குக் கிளம்புமுன், சுவரைப் பார்த்து வெறும் பிஸ்டலை அரைமணி நேரம் பிடித்துப் பழகினேன். தோள் கடுத்தது. விடவில்லை.

அடுத்த போட்டியில் மாநிலப் போட்டிக்கான தகுதிக்கு நான்கு புள்ளி குறைந்தது.

"இப்பவாச்சும் புதுசு வாங்குங்கக்கா" என்றார் அவர்.

அட்டைகளை விரித்துக் காட்டினேன். கடைசிப் பத்துக் குண்டில்தான் எல்லாம் சிதறியிருந்தது. "கை சோர்ந்துடுச்சு. அதுக்குக் கடையில சாமான் கிடைக்காதுங்க."

அரைமணியை ஒரு மணியாக்கினேன். அதற்கடுத்த போட்டியில் தகுதியைத் தாண்டி இரண்டு புள்ளி கூடுதலாக எடுத்தேன். விசைக்குக் கொடுத்த பணம் வீணில்லை. மற்ற இரண்டுக்கும் கொடுத்திருந்தால் வீணாகியிருக்கும். மாநிலப் போட்டிக்கு அதே பிஸ்டலோடுதான் போகிறேன்.