பகலில் எரிய வேண்டிய விளக்கு

எங்க வீட்டுக்காரர் தங்கமானவர்னு ஊரே சொல்லும். அந்தத் தங்க மனசுதான் என் மூச்சை நிறுத்தப் பார்த்தது. இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கல.

உத்தனப்பள்ளி பக்கம் வலைக்குடில்ல குடமிளகாய் போட்டிருக்கோம். அதுக்கு எமன் இலைப்பேன். கண்ணுக்குச் சரியாத் தெரியாத பூச்சி, குருத்தைச் சுரண்டிச் சாறு குடிச்சு இலையைச் சுருட்டிடும். வாரம் தவறாம மருந்து அடிப்போம். அடிச்சது நான்தான். போன வருஷம் மூச்சிழுப்பு வந்து, இனிமே மருந்து பக்கமே போகக்கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டார்.

தோட்டக்கலை படிச்ச தோழி ஒருத்தி வழி சொன்னா. செடிமேல சிவப்பு வெளிச்சம் விழுந்தா இலைப்பேன் வந்து உக்கார்றது குறையுமாம். ஆனா விளக்கு பகல்லதான் எரியணும், அது பறந்து வர்றதே பகல்லதான். வரிசைக்கு வரிசை சிவப்பு எல்இடி கட்டினோம். அன்னைக்கே இவர்கிட்ட எல்லாத்தையும் விளக்கமா சொன்னேன். போனைப் பார்த்துக்கிட்டே "ம்"னார்.

காலைல ஏழு மணிக்கு விளக்கைப் போட்டுட்டு நான் பள்ளிக்கூடத்துச் சத்துணவு வேலைக்குப் போயிடுவேன். அஞ்சு மணிக்குத் திரும்பினா எரிஞ்சுக்கிட்டிருக்கும். முதல் மாசம் குருத்து பச்சைப்பசேல்னு வந்தது. அப்புறம் சுருள ஆரம்பிச்சது. தோழியைத் திட்டினேன், விளக்கு வித்தவனைத் திட்டினேன். மருந்தடிக்க ஆளும் கிடைக்கல. ஒரு ஞாயித்துக்கிழமை, இவர் டூட்டி முடிஞ்சு தூங்கறப்ப, மூஞ்சில துணியைக் கட்டிக்கிட்டு நானே அடிச்சேன். நாலு வரிசை தாண்டல, நெஞ்சு அடைச்சுது. ஓசூர் ஆஸ்பத்திரில மாஸ்க் மாட்டிப் படுக்க வச்சாங்க.

பக்கத்துல உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அவரே சொன்னார்: "அலைச்சல்ல நீ விளக்கை அணைக்க மறந்துடறே. எனக்கு நைட் ஷிஃப்ட் மாறினதுலேர்ந்து, நீ வேலைக்குப் போற நாள்ல எல்லாம், காலைல வந்ததும் நான்தான் அணைக்கறேன். ராத்திரிக்கு வேணுமேன்னு சாயங்காலம் நீ வர்றதுக்குள்ள போட்டும் வச்சுடறேன். நீ ஒண்ணும் கவலைப்படாதே."

கம்பெனில மின்சாரம் மிச்சம் பிடிச்சதுக்கு டிபன் கேரியர் பரிசு வாங்கின மனுஷன். வெயில்ல எரியற விளக்கைப் பார்த்தா கை சும்மா இருக்காது, சரி. ஏன் எரியுதுன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டா என்ன? ஒண்ணரை மாசம்! நான் மறதிக்காரின்னு அவராவே முடிவு பண்ணி, எனக்காகப் பரிதாபப்பட்டு, ஒருநாள்கூட வாயைத் திறக்கல. மாஸ்க்கைக் கழட்டித் திட்டக்கூட எனக்குத் தெம்பில்ல. அழுகைதான் வந்தது. நான் உருகி அழறேன்னு நெனச்சுத் தட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் சுவிட்ச் பெட்டிக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். சாவியைத் தாலிக்கயித்து ஊக்குல கோத்துக்கிட்டேன். அதைப் பார்த்து அவருக்கு முகம் வாடிப்போச்சு.

"கட்டின புருஷன்மேல இவ்வளவுகூட நம்பிக்கை இல்லையா?"ன்னார்.

"இல்லை"ன்னேன்.