அத்தான் போட்ட புள்ளிப் பட்டியல்

என் அக்கா வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். கெட்டிக்காரர்தான், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். அந்தப் பிடிவாதம்தான் எங்களைக் கவிழ்த்தது.

அக்கா மகளுக்குப் பதினோரு வயது. தசை தேயும் நோய், மருந்து கிடையாது. அதைத் தேடும் ஓர் ஆராய்ச்சிக்கூடம் தன் பெரிய கணக்கைத் துண்டு துண்டாக நறுக்கி ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பியது. யார் வீட்டுக் கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறதோ, அது ஒரு துண்டுக் கணக்கைப் போட்டுத் திருப்பி அனுப்பலாம். கூலி கிடையாது, பெருமையடித்துக்கொள்ளப் புள்ளி மட்டும் உண்டு. அத்தான் யார் யாரோ கழித்துப் போட்ட ஏழு கம்ப்யூட்டர்களைக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே அடுக்கி ஓட்டினார். அறை வெந்தது. "இருக்கட்டும்டா, நம்மால முடிஞ்சது இதுதானே" என்பார்.

இதே மாதிரி வேறு திட்டங்களும் உண்டு. ஒன்று பெரிய பெரிய பகா எண்களைத் தேடுவது. அவர்கள் புள்ளியை வாரி வழங்கினார்கள். எங்கள் திட்டமோ மகா கஞ்சம். அத்தானுக்குப் பொறுக்கவில்லை. ஒரே கம்ப்யூட்டரை ஒவ்வொரு திட்டத்திலும் ஒரு நாள் ஓட்டிப் பட்டியல் போட்டு, எல்லாரும் கூடும் இணைய மன்றத்தில் வைத்தார். எங்களுடையது தொண்ணூறு, பகா எண் ஆயிரத்து நானூறு.

"எதுக்கு அத்தான் வேண்டாத வேலை?"

"அட, இதைப் பார்த்தா வெட்கப்பட்டுப் புள்ளியை ஏத்துவாங்கடா. அப்புறம் பாரு, கூட்டம் குவியும்."

குவிந்தது, பகா எண் பக்கம். ஒவ்வொரு திட்டமும் தன் இஷ்டப்படி போடும் புள்ளி அது, ஒன்றோடொன்று ஒப்பிடவே கூடாது என்று பட்டியலுக்கு அடியில் ஒரு வரி எழுதத் தோன்றவில்லையே இந்த மனுஷனுக்கு! நாலே மாதத்தில் எங்கள் பக்கம் காலி. கணக்குப் போட ஆள் போதவில்லை, நிறுத்துகிறோம், மறுபடி சேர்ந்தால் பார்க்கலாம் என்று ஆராய்ச்சிக்கூடம் அறிவித்தது.

போனவர்களுக்கெல்லாம் அத்தான் தனித்தனியாகக் கெஞ்சி எழுதினார். என் மகளுக்காகத் திரும்பி வாருங்கள் என்று முந்நூறு பேருக்கு. ஒரே ஒரு பதில் வந்தது. "உங்க பட்டியல் இல்லேன்னா இன்னும் அந்தக் கஞ்சத் திட்டத்துலயே கிடந்திருப்பேன். ரொம்ப நன்றி."

பின்னாலிருந்து சக்கர நாற்காலியில் எட்டிப் படித்த மகள் கேட்டாள்:

"யாருப்பா நன்றி சொல்றாங்க? என்ன நல்லது செஞ்சீங்க?"

நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் நான் வந்திருந்தேன். அத்தான் முகத்தைப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.