பூஜ்யம் விழுந்த ஆறு கட்டங்கள்

என் தங்கைக்கு ஒன்பது வயதில் காய்ச்சல் வந்தபோது, எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார். "நேத்து மத்தியானம் ரெண்டு மணியிலேர்ந்து. அதுக்கு முன்னாடி தூங்கிட்டிருந்தேன், தெரியாது" என்றாள். டாக்டர் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பெரியவர்களுக்கே வாய் வராது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். துறைமுக வாசலில் எடை மேடையில் லாரிகளுக்கு எடை போடுகிறேன். அவள் கடலைப் பற்றிப் படித்து, அரசு அலுவலகம் ஒன்றில் பவளம் எண்ணும் வேலைக்குச் சேர்ந்தாள்.

"எண்ணறதுக்கா சம்பளம் தராங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"எண்ணறதுக்கு இல்ல அண்ணி. தப்பா எண்ணாம இருக்கறதுக்கு."

அவள் எண்ணும் இடம் கப்பலில் மூன்று நாள் தூரத்தில் இருக்கிறது. நடுக்கடலில் மோதிரம் போல ஒரு பவளத் திட்டு. அதன் மேல் ஓரிடத்தில் மட்டும் மெல்லிய மணல் தீவு. தீவின் மிக உயரமான இடமே என் தலைக்கு மேல் ஒரு சாண்தான். சுற்றிலும் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் வைக்க வேறு நிலமில்லை. அதனால்தான் கடற்படை அங்கே விமான ஓடுபாதை போட்டிருக்கிறது. அந்தத் தீவு யார் கையில் இருக்கிறதோ, அந்த வழியாகப் போகும் கப்பல் எல்லாம் அவர்கள் கண்ணில் படும். தீவைக் கடல் விழுங்காமல் காப்பது சுற்றியிருக்கும் பவளம். பெரிய அலை அதில் மோதி உடைந்து, உள்ளே வரும்போது கணுக்கால் உயரம்தான் இருக்குமாம்.

அந்த வளையத்தில் அவளுக்கு இருபத்து நான்கு இடங்கள். ஒவ்வொன்றிலும் முக்குளித்து, கயிறு கட்டி, ஒரு மீட்டர் இரும்புச் சட்டத்தை வைத்து, நூற்றுக்கு எத்தனை பங்கு உயிருள்ள பவளம் என்று எண்ணிப் படிவத்தின் கட்டத்தில் எழுதுவாள். அலை அதிகமாக இருந்து இறங்க முடியாவிட்டால் கட்டத்தை வெறுமையாக விடுவாள். கிழக்குப் பக்கம் அலை மோதும் பக்கம். அங்கே இருக்கும் ஆறு இடங்களில் இரண்டு வருடமாக அவளால் இறங்க முடியவில்லை. ஆறு கட்டமும் வெறுமை.

போன வருடம் ஒரு நாள் எடை மேடையில் இரும்புக் குழாய் ஏற்றிய லாரிகள் வரிசையாக வந்தன. எங்கே போகிறது என்று ஒரு டிரைவரிடம் கேட்டேன்.

"தீவுக்கு. பெரிய கப்பல் உள்ள போறதுக்கு கிழக்குப் பக்கமா வெடி வெச்சு வழி போடறாங்களாம். அங்க பவளமே இல்லையாம், வெறும் செத்த கல்லாம்."

மத்தியானச் சாப்பாட்டின்போது இதைத் தங்கையிடம் சாதாரணமாகத்தான் சொன்னேன். அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"கிழக்குன்னா சொன்னாரு?"

"ஆமா."

"பவளம் இல்லைன்னு யார் சொன்னது?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

கை கழுவக்கூட இல்லை. வண்டியை எடு அண்ணா என்றாள்.

வழி போடும் திட்டத்தின் அலுவலகத்தில், இரண்டாம் மாடியில் இன்ஜினியரின் மேஜைக்குப் பின்னால் தீவின் படம் பெரிதாக மாட்டியிருந்தது. பவளம் இருக்கும் இடமெல்லாம் பச்சை. கிழக்குப் பக்கம் மட்டும் வெள்ளை. வெள்ளையின் நடுவில் சிவப்புக் கோடு ஒன்று வளையத்தைக் குறுக்கே வெட்டியது.

"நீங்க கொடுத்த கணக்குதானேம்மா. ஆறு இடத்துலயும் பூஜ்யம்" என்றார் இன்ஜினியர்.

"நான் பூஜ்யம் எழுதலை சார். ஒண்ணுமே எழுதலை."

அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "காலியா விட்டா இது ஏத்துக்காது. அதனால எங்க ஆளுங்க பூஜ்யம் போட்டிருப்பாங்க."

நான் சுவர் ஓரமாக நின்றிருந்தேன். பேசக் கூடாது என்றுதான் நினைத்தேன். "காலி வண்டியும் எடை போடாத வண்டியும் ஒண்ணா சார்?" என்று வாயில் வந்துவிட்டது.

"இவர் யாரு?"

"எங்க அண்ணன்" என்றாள்.

இன்ஜினியர் திரும்பிப் படத்தைப் பார்த்தார். வெடி வைக்க இன்னும் பதினோரு நாள்தான் என்றார். உடனே தீவிலிருக்கும் கடற்படை அதிகாரிக்குப் போன் போட்டார். அதிகாரி கத்தவில்லை. ஒன்பது நாளில் எண்ணிக்கை கொடுத்தால் பார்க்கலாம், வெடிக் கப்பலை அதற்கு மேல் நிறுத்தி வைக்க முடியாது என்றார். மறுநாள் காலை சரக்கு விமானத்தில் அவளுக்கு இடம் கொடுத்தார்கள்.

ஒன்பது நாளும் அலை அடங்கவில்லை. படகுக்காரர் திரும்பிவிடலாம் என்று சொல்லச் சொல்ல, அவள் அலைக்கும் அலைக்கும் நடுவில் இறங்கினாள். தோளில் பவளம் கீறி ஏழு தையல். நான்கு இடங்களை எண்ணிவிட்டாள். அறுபத்தொன்று, ஐம்பத்தெட்டு, எழுபது, அறுபத்து நான்கு. வளையம் முழுவதிலும் இவ்வளவு உயிர் வேறெங்கும் இல்லை. மீதி இரண்டு இடங்களுக்கு அவளால் போக முடியவில்லை.

தீவில் இருந்த அதிகாரியின் அறையில் படிவத்தைக் கொடுத்தாள். பிறகு நடந்ததை அவள் எனக்குப் போனில் சொன்னாள்.

"இந்த ரெண்டு?" என்று அவர் கேட்டாராம்.

"பார்க்கலை சார்."

"பக்கத்துல அறுபது, எழுபதுன்னு இருக்கு. இங்கயும் அப்படித்தானே இருக்கும்?"

"இருக்கலாம். பார்க்கலை."

அவர் பேனாவை நீட்டினாராம். நல்ல மனிதர்தான். ஒரு எண் எழுதியிருந்தால் வேலையை நிறுத்த அவருக்கும் ஒரு காகிதம் கிடைத்திருக்கும். அவள் பேனாவை வாங்கி, இரண்டு கட்டத்திலும் 'பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சிவப்புக் கோட்டை நகர்த்தினார்கள். எண்ணிய நான்கு இடத்தை விட்டு, எண்ணாத அந்த இரண்டின் வழியாக. பதினோராம் நாள் காலை வெடித்தது. நான்கு விநாடிகூட இல்லையாம். தண்ணீர் பால் போல வெளுத்து, அப்புறம் மீன்கள் வயிறு மேலாக மிதந்து வந்தனவாம்.

ஏழு வாரம் கழித்து அவள் போனில் ஒரு படம் அனுப்பினாள். முதல் பெரும் அலை அந்தப் பிளவு வழியாக உடையாமல் உள்ளே வந்திருக்கிறது. ஓடுபாதையின் கிழக்கு முனையில் முழங்கால் தண்ணீர். நடுவில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் மேல் மீன் நீந்துகிறது. எந்தக் கப்பலுக்காக வழி போட்டார்களோ அது வருவதற்கு முன்பே விமானம் இறங்க முடியாமல் போயிற்று. அதே அதிகாரி அவளைக் கூப்பிட்டு, எங்கே எப்படி அடைக்கலாம் என்று கேட்டாராம்.

அவள் ஊர் வந்தபோது நான் மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "ஒரு அம்பதுன்னு எழுதியிருக்கக் கூடாதா?"

"எழுதியிருந்தா அந்த நாலையும் யார் நம்புவாங்க? அந்த நாலு தப்பிச்சுது இல்ல?"

"நீ சொல்றது சரிதான். ஆனா போனது போச்சே."

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்துக் காட்டினாள். அலை ஓய்ந்த ஒரு நாள் பிளவுக்குள் இறங்கியிருக்கிறாள். வெட்டுப்பட்ட பவளச் சுவர் கேக் துண்டு போல அடுக்கடுக்காகத் தெரிந்ததாம். மேல் அடுக்கில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்ததை எண்ணியிருக்கிறாள்: அந்த இரண்டு இடத்திலும் நூற்றுக்கு எழுபத்தேழு, எண்பத்தொன்று. சுவரின் உயரத்தையும் நாடா பிடித்து அளந்திருந்தாள். ஒன்பது மீட்டர் இருபது.

"இது எவ்வளவு சீக்கிரம் வளரும்?" என்றேன்.

"வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர். அதுவும் நல்லா வளர்ந்தா."

அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நான் எடைச் சீட்டின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்தேன். தொள்ளாயிரத்து இருபது வருடம் வந்தது. தப்பாக இருக்கும் என்று திரும்பவும் போட்டேன். அதேதான் வந்தது.