சலவை அறையில் ஒரு நாடாளுமன்றம்

போன ஞாயிறு நான் ஒரு நாடாளுமன்றத்துக்குப் போனேன். ஒட்டாவாவுக்கு அல்ல... மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில், எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்ச் சலவை அறைக்கு!

அழைத்தவர் நோரா. கீழ்த்தளத்தில் இருக்கும் ஐரிஷ்காரி. கதவு கதவாகத் தட்டி, "ஞாயிறு டோய்ல் கூடுகிறது, வாருங்கள்" என்றார்.

டோய்லா? அது என்ன?

ஐரிஷ் மொழியில் 'கூட்டம்' என்று அர்த்தமாம். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அவர்களின் தேசிய சபைக்கும் அதுதான் பெயர். "நாள் முழுக்க ஆங்கிலம் பேசுவோம். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் மொழிபெயர்க்க மாட்டோம்" என்றார் நோரா. என் முன்வீட்டுச் சிவா அண்ணையும் கதவிடுக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டம் எதற்கு? வீட்டு உரிமையாளர் ஒவ்வொரு கதவாக வந்து போயிருந்தார். திருத்த வேலையாம். யூலை முதலாம் திகதி, மொன்றியலே வீடு மாறும் அந்த நாளில், நாங்களும் வெளியேற வேண்டுமாம். "மற்ற எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள், நீங்கள்தான் பாக்கி..."

நம்மவர்கள் என்ன செய்வோம்? பக்கத்து வீட்டில் கேட்போமா? சீச்சீ, வெட்கம்! சிவா அண்ணை பஞ்சாங்கத்தில் நல்ல நாள் பார்த்து, சுவாமிப் படங்களைப் பெட்டியில் கட்டியே விட்டார். முழங்கால் வலியோடு வேலைக்கு நடந்து போகும் மனைவிக்கு, மெற்றோவுக்குக் கிட்ட இனி எங்கே வீடு கிடைக்கும்? அந்தக் கவலையைப் படங்களோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

துணிக்கூடைகளைக் கவிழ்த்து உட்கார்ந்தோம். மூலையில் யாருடையதோ துணி சுழன்றுகொண்டிருந்தது. நோரா கேட்டார்: "போகச் சம்மதித்தவர்கள் கை தூக்குங்கள்."

ஒரு கைகூட எழவில்லை.

சிவா அண்ணை என் பக்கம் திரும்பினார். "என்ன தங்கச்சி இது? எல்லாரும் ஓமெண்டு சொன்னவையெண்டெல்லோ அவன் சொன்னவன்?"

"எனக்கும் அப்பிடித்தான் சொன்னவன் அண்ணை. நீங்கள் ஓமெண்டிட்டியளாம்!"

"நானோ! உம்மட்டைக் கேக்க வெக்கத்திலயெல்லோ வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான்!"

இதை நான் ஆங்கிலத்தில் சொல்ல, நோரா அதைப் பிரெஞ்சில் சொல்ல, மூன்றாம் மாடி ஹெயிட்டிக்காரர் வெடித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு கூடைக்குக் கூடை தாவியது. எத்தனை இரவுகளின் பயம் அது... துணியழுக்கு மாதிரிக் கரைந்து போனது.

தீர்மானம் ஒன்றே: யாரும் போவதில்லை.

செவ்வாய்க்கிழமை உரிமையாளர் வந்தார். எல்லாக் கதவுகளும் ஒன்றாகத் திறந்தன. சிவா அண்ணை தனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் செலவழித்தார்: "நோன். மெர்சி." வேண்டாம், நன்றி.

சுற்றிலும் பார்த்த உரிமையாளர், இருப்பவர்களை வைத்துக்கொண்டே திருத்துவதாக முணுமுணுத்துவிட்டுப் படியிறங்கினார்.

நேற்று நாங்கள் எல்லாரும் கூடியிருக்க, சிவா அண்ணை வீட்டில் சுவாமிப் படங்கள் மறுபடி சுவரேறின. அடுப்பில் புதுச் சட்டி, பால், கற்பூரம்...

"பழைய வீட்டிலயே பால் காய்ச்சுறியள் அண்ணை?"

"இவ்வளவு நாளும் இருந்த வீடு தங்கச்சி. இப்பத்தான் குடி வந்திருக்கிறன்."

பால் பொங்கி வழிந்தது. நோரா கண் விரியப் பார்த்து, இதற்கு என்ன பெயர் என்றார். நான் ஆங்கிலத்தில் "ஹவுஸ் வோர்மி..." என்று தொடங்க, அண்ணை கையமர்த்தினார்.

"உது வேண்டாம். குடிபூரல் எண்டே சொல்லும். அவ டோய்லை மாத்தினவவோ?"

நன்றி நோரா. அந்தச் சொல்லுக்கும், அதற்குள் எங்களுக்கும் இடம் பிடித்து வைத்ததற்கும்.

ஆளுக்கொரு கோப்பை பால் குடித்ததும், சபை கலைந்தது!