பேச்சுக் கொடுத்த கம்பவுண்டர் மீரான்

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் கம்பவுண்டர் மீரானின் தம்பி நின்றிருந்தார். "அண்ணன் மவுத்தாயிட்டாவ, ஐயா" என்றார். காய்ச்சல் என்று நான்கு நாளாக மீரான் வேலைக்கு வரவில்லை. நாளை போய்ப் பார்ப்போம், நாளை போய்ப் பார்ப்போம் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

மேலப்பாளையத்தில் அடக்கம் முடிந்து திரும்புகையில், "நல்ல மனுசன்தான். ஒரு கவனப்பிசகுல ஒரு உசுரப் போக்கிட்டாரு" என்று யாரோ சொன்னார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து அறுவை செய்யும் முறை எங்களுக்குப் புதிதாக வந்த சமயம். நோயாளி விழித்தே இருப்பார். நாடி பிடிப்பது மீரான் வேலை. பிடித்தபடியே பேச்சுக் கொடுப்பார். உடன்குடிக்காரர் ஒருவர் குடலிறக்க அறுவை முடியும்வரை கருப்பட்டி காய்ச்சும் பக்குவத்தை விவரித்தார். "பாகு பதம் தப்பிரக் கூடாதுல்லா, அண்ணாச்சி" என்று மீரானும் சேர்ந்துகொண்டார். கத்தி பிடித்திருந்த எனக்கு எரிச்சல். கேட்டால், "நாடி எறங்குததுக்கு முந்தி பேச்சு எறங்கிரும், ஐயா" என்பார்.

ஆழ்வார்திருநகரிச் சமையற்காரர் ஒருவர் மேசையில் கிடந்த அன்று, மேலதிகாரி துரை பார்வையிட வந்திருந்தார். துரை முன்னால் சந்தைக்கடையாக இருக்கக் கூடாதென்று, "வாய மூடும்வே" என்றேன். மீரான் மூடினார். நோயாளியும் மரியாதைக்கு மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் மீரான், "ஐயா, நாடி இல்ல" என்றார். மேசையின் தலைமாட்டைத் தாழ்த்தினோம், கைகளை இழுத்து மடக்கி மூச்சு வரவைக்கப் பார்த்தோம். வரவில்லை. பேச்சு நடந்திருந்தால் பிழைத்திருப்பாரா, தெரியாது. கொஞ்சம் முன்னதாகத் தெரிந்திருக்கும்.

வெளியே அவர் மனைவி காத்திருந்தார். போய்ச் சொல்ல வேண்டியவன் நான். மீரான் போனார். "நாடி பாத்தது நாந்தாம்மா. பிசகு என்னுது." "உன் கை விளங்காமப் போக" என்று அந்த அம்மாள் கதறியது, கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது.

ஏன்வே அப்படிச் சொன்னீர் என்று பிறகு கேட்டேன். "நாளைக்கும் சனங்க உங்கள நம்பிப் படுக்கணும்லா. என்னைய ஏசுனா ஏசிட்டுப் போறாவ" என்றார். நானும் அதை வசதியாக ஏற்றுக்கொண்டேன். வெட்கக்கேடு. மீரானை அறிந்தவர்களே, அந்தப் பிசகு என்னுடையது. அந்த அம்மாளுக்கும் எழுதிவிட்டேன்.

நேற்று ஒருவருக்கு முதுகில் ஊசி போட்டேன். நாடி பிடிக்கப் புதிய ஆள் இருந்தார், வாய் திறக்கவில்லை. "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்று நானே கேட்டேன். பதில் வந்த பிறகுதான் கத்தியை எடுத்தேன். மீரானிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கேள்விதான். மேசையில் கிடந்தபடி கடைசித் தையல்வரை அவர் பேசிக்கொண்டே இருந்தார்.