புதன்கிழமை விசாரிப்பு

அச்சகத்தை மூடியதில் வேலை போனது. அடுத்த வருஷமே மனைவியும் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகுதான், ஐம்பத்தெட்டு வயதில், அவர் அந்த அறக்கட்டளையில் சேர்ந்தார். நோயாளிகளுக்குச் சக்கர நாற்காலி, மடக்குக் கட்டில், வாக்கர் எல்லாம் இலவசமாக இரவல் கொடுக்கும் இடம் அது. கிடங்குப் பொறுப்பு அவருடையது. எல்லோருக்கும் அவர் 'ஸ்டோர்காரர்'. பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போய் ஆறு வருஷம் ஆகிறது.

அங்கே ஒரு வழக்கம். புதன்கிழமை தவறாமல் இரவல் வாங்கியவர்களுக்குப் போன் போட்டு, "சாமான் நல்லா இருக்குங்களா? இன்னும் தேவைப்படுதா?" என்று கேட்க வேண்டும். நோயாளி இருக்கிறாரா இல்லையா என்று மறந்தும் கேட்கக் கூடாது. மனுஷன் என்றால் அந்த நாகரிகமாவது வேண்டாமா? மற்றவர்களுக்கு அது வேலை. இவருக்கோ வாரம் விடிவதே அந்த ஒரு நாளுக்காகத்தான். வீட்டில் பேசினால் கேட்கச் சுவர்தான் உண்டு.

சக்கர நாற்காலி வாங்கிப்போன ஒரு தையல்காரரின் மனைவியோடு மட்டும் பேச்சு நீளும். புருஷனின் பிடிவாதத்தை அந்த அம்மாள் சொல்லச் சொல்ல இவர் விழுந்து விழுந்து சிரிப்பார். ஒரு புதன்கிழமை அவள், "அவர் போயிட்டார் சார், ஞாயித்துக்கிழமை" என்றாள். நாற்காலியை எப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று பக்குவமாகக் கேட்டிருக்க வேண்டும். இந்த மனுஷன் என்ன கேட்டார் தெரியுமா? "சாப்பிட்டீங்களாம்மா?" அடுத்த புதனும் அதையே கேட்டார். பதிவேட்டில் 'உபயோகத்தில் உள்ளது' என்று எழுதினார். பதினோரு வாரம் கூசாமல் எழுதினார்.

அறக்கட்டளையோ மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. புது நாற்காலி வாங்கிக் கொடுத்து, அதன் முதுகில் தங்கள் பெயரைப் பொறித்துக்கொள்ள எத்தனையோ பேர் வருவார்கள். பழசுக்கு டயர் மாற்ற ஒருத்தரும் வர மாட்டார். கடைசியில் ஒரு நிறுவனம் இறங்கி வந்தது. பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று வைத்துத் தருகிறோம், வசதியுள்ளவர்களிடம் சின்ன வாடகை வாங்கி இல்லாதவர்களுக்கு இலவசமாகக் கொடுங்கள், ஆனால் எந்தச் சாமான் எங்கே கிடக்கிறது என்று முதலில் காட்டுங்கள் என்றது. நிர்வாகிப் பெண் பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சார், இந்தத் தையல்காரர் வீட்டு நாற்காலி?"

"இன்னும் வேணும்னுதான் சொல்றாங்க" என்று பூசி மெழுகப் பார்த்தார்.

"நேத்து நம்ம டிரைவர் அந்தத் தெருவுக்குப் போயிருந்தார். அவர் செத்து மூணு மாசம் ஆகப்போகுதாமே?"

குட்டு உடைந்தது. அவள் திட்டவில்லை. காத்திருப்போர் பட்டியலை அவர் பக்கம் நகர்த்தினாள். முதல் வரியில் விபத்தில் கால் போன ஒரு பஸ் கண்டக்டர். "ரெண்டு மாசமா வாசலைக்கூடப் பார்க்கலையாம் சார். அவர் பொண்ணு தினமும் கேக்குது. நான் இல்லைன்னே சொல்லிட்டிருக்கேன்."

ஸ்டோர்காரர் அந்த முதல் வரியைத் திரும்பப் படித்தார். தன் தனிமைக்கு ஒருத்தனை வீட்டுக்குள் அடைத்துப்போட்டோமே என்று கண் கலங்கியது. அன்று மத்தியானமே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அந்த அம்மாள் அவரைப் பார்த்ததே இல்லை. குரலைக் கேட்டதும்தான் முகம் மலர்ந்தது. வந்த காரியத்தைச் சொன்னதும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க கேக்கலை. நானும் குடுக்கறேன்னு சொல்லலை சார்."

"தப்பு என்னோடதும்மா."

"ரெண்டு பேரோடதும்தான்."

நாற்காலியை வண்டியில் ஏற்றியாயிற்று. "இனிமே புதன்கிழமை போன் வராதில்ல?" என்று கேட்டாள்.

"சாமான் இருந்தாத்தாம்மா போன்." இந்த வயசில் வேறு என்ன சாக்குச் சொல்லி ஒரு பெண்மணிக்குப் போன் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "உங்ககிட்ட கைத்தடி இருக்குமா?"

"கால் வலியாம்மா?"

"இல்லை."

கைத்தடிக்கு யாரும் காத்திருக்கவில்லை. வண்டியிலேயே நாலு கிடந்தன. ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுப் படிவத்தை எடுத்தார். முகவரி எழுதினார். 'தேவைக்கான காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"என்னம்மா எழுதட்டும்?"

"விசாரிக்க ஆள் இல்லைன்னு எழுதுங்க சார்."

ஸ்டோர்காரர் ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே எழுதினார்.